பழைய டெஸ்க்டாப்பில் வேகமான யூஎஸ்பி போர்ட்: எச்61 போர்டை வைத்து ஒரு செய்முறை

2011, 2012ஆம் ஆண்டுகளில் இரண்டாம் தலைமுறை கோர் ஐ3 பிராசசருடன் வாங்கிய டெஸ்க்டாப் கணினிகள் இன்னும் எத்தனையோ வீடுகளிலும் கடைகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு எஸ்எஸ்டியைப் பொருத்தி, ராமை 8 ஜிபியாக உயர்த்திவிட்டால், டைப்பிங், கணக்கு, இணையம் ஆகிய வேலைகளுக்கு அவை இன்றைக்கும் தாராளமாகப் போதும். போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்கைச் செருகி ஒரு கல்யாண வீடியோவை நகலெடுக்கத் தொடங்கும்போதுதான் அவற்றின் வயது தெரியும். 50 ஜிபி கோப்புறை ஒன்றை மாற்றி முடிக்க ஏறக்குறைய 25 நிமிடங்கள் ஆகும். அதே டிஸ்கைப் பக்கத்து மேசையில் உள்ள புதிய லேப்டாப்பில் செருகினால் எட்டு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

காரணம் எளிது. இந்தக் கணினிகளில் பெரும்பாலும் இருக்கும் இன்டெல் எச்61 சிப்செட்டில், அதாவது மதர்போர்டின் போர்ட்களை நிர்வகிக்கும் சிப்பில், யூஎஸ்பி 2.0 மட்டுமே உண்டு. யூஎஸ்பி 3.0 தரம் 2008 நவம்பரிலேயே வெளிவந்துவிட்டாலும், இன்டெல் அதைத் தன் சிப்செட்டுக்குள் கொண்டுவந்தது 2012இல் வந்த 7 வரிசையில்தான். இடைப்பட்ட காலத்தில் சில மதர்போர்டு நிறுவனங்கள் தனியாக ஒரு சிப்பை வைத்து இரண்டு 3.0 போர்ட்களைத் தந்தன. ஆகவே எதையும் வாங்குவதற்கு முன் உங்கள் கணினியின் பின்பக்கத்தை ஒரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே நீல நிற நாக்கு கொண்ட போர்ட் இருந்தால், அது டிரைவர் (அதை இயக்கும் மென்பொருள்) போடப்படாமல் பல ஆண்டுகளாக 2.0 வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம், அல்லது அடியோடு வேலை செய்யாமலே கிடக்கலாம். நீல நிறம் கட்டாயமான விதி அல்ல என்பதால், போர்டின் மாடல் எண்ணை வைத்து அதன் கையேட்டிலும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

வேகம் எங்கே குறுகுகிறது?

யூஎஸ்பி 2.0இன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட். எட்டால் வகுத்தால் 60 மெகாபைட் வருகிறது, ஆனால் நடைமுறையில் 30 முதல் 40 மெகாபைட்டுக்கு மேல் கிடைப்பதில்லை. யூஎஸ்பி 3.0இன் வேகம் நொடிக்கு 5 கிகாபிட். அதில் ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாற்றி அனுப்பப்படுவதால் உச்சவரம்பு 500 மெகாபைட் ஆகிறது. பின்னாளில் இதே 5 கிகாபிட் வேகத்துக்கு 3.1 ஜென் 1 என்றும், 3.2 ஜென் 1 என்றும் பெயர் மாற்றிக்கொண்டே போனார்கள். ஆகவே அட்டைப்பெட்டியில் 3.2 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 5 ஜிபிபிஎஸ், 10 ஜிபிபிஎஸ் என்ற எண்ணை மட்டும் பாருங்கள்.

பழைய கணினியில் யூஎஸ்பி 3.0 வேண்டுமென்றால் மதர்போர்டின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் ஒரு கார்டைச் செருகுவதுதான் வழி. யூஎஸ்பி 2.0 போர்ட்டில் 3.0 ஹப்பை மாட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. வாய்க்காலின் கடைமடையை அகலப்படுத்தினால் தலைமடையில் தண்ணீர் கூடிவிடாது.

10 கிகாபிட் கார்டையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். எச்61 போர்டைப் பொறுத்தவரை அது வீண் செலவு என்பதே என் கருத்து. இந்தப் போர்டில் உள்ள சிறிய ஸ்லாட், அதாவது எக்ஸ்1, பிசிஐ எக்ஸ்பிரஸ் 2.0 வகையைச் சேர்ந்தது. ஒரு திசையில் அதன் உச்சவரம்பே நொடிக்கு 500 மெகாபைட்தான், கையில் கிடைப்பது 400க்குச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அதற்கும் உள்ளே போனால், எச்61இன் சாட்டா போர்ட்கள், அதாவது கணினிக்குள் டிஸ்க்குகளை மாட்டும் போர்ட்கள், எல்லாமே 3 கிகாபிட் வகை என்பதால், எவ்வளவு நல்ல எஸ்எஸ்டியை மாட்டினாலும் அது நொடிக்கு 270 மெகாபைட் அளவிலேயே நின்றுவிடும். கணினியில் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இருக்கிறது என்றால் எல்லை 100ஐ ஒட்டி வந்துவிடும். நீங்கள் செருகப்போகும் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கும் காலியாக இருக்கும்போது நொடிக்கு 100 முதல் 130 மெகாபைட் தரும். நிரம்ப நிரம்பத் தகடின் உள்வட்டங்களில் எழுத வேண்டியிருப்பதால் அதுவும் குறையும். இத்தனை இடங்களில் குறுகும் பாதையில் 10 கிகாபிட் கார்டுக்கு வேலையே இல்லை. சாதாரண 5 கிகாபிட் கார்டே இங்கு மிச்சம்தான்.

ஜி31, ஜி41 போன்ற இன்னும் பழைய போர்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றின் எக்ஸ்1 ஸ்லாட் முதல் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் என்பதால் உச்சவரம்பு 250 மெகாபைட், கையில் கிடைப்பது சுமார் 200. ஹார்ட் டிஸ்குக்கு அதுவும் போதும், 35இலிருந்து 100க்கு ஏறுவதில் எந்தத் தடையும் இல்லை. ஆனால் பிசிஐ எக்ஸ்பிரஸ் இல்லாமல், வெள்ளை நிறத்தில் நீளமாக இருக்கும் பழைய பிசிஐ ஸ்லாட் மட்டுமே உள்ள போர்டு என்றால் விட்டுவிடுங்கள். அந்தப் பாதையில் 133 மெகாபைட்டை எல்லாக் கார்டுகளும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

கார்டு வாங்கும்போது

கடைக்குப் போகும் முன் பெட்டியைத் திறந்து எந்த ஸ்லாட் காலியாக இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்1 ஸ்லாட் இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும், பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே கண்ணில் படாது. அதன் பக்கத்தில் கிராபிக்ஸ் கார்டுக்கான எக்ஸ்16 ஸ்லாட் நீளமாக இருக்கும். எக்ஸ்1 கார்டை எக்ஸ்16 ஸ்லாட்டிலும் செருகலாம். ஆனால் ஆன்போர்டு டிஸ்பிளேயைப் பயன்படுத்தும் சில பழைய போர்டுகளில், பெரிய ஸ்லாட்டில் எதையாவது செருகியவுடன் மானிட்டர் இருண்டுவிடும். சின்ன ஸ்லாட் காலியாக இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

அலுவலகங்களிலிருந்து கைமாறி வரும் ஒல்லியான டெஸ்க்டாப் என்றால் அடுத்த சிக்கல் உயரம். சாதாரணக் கார்டின் தகட்டுப் பட்டை 12 சென்டிமீட்டர், ஒல்லிப் பெட்டிக்கு 8 சென்டிமீட்டர் பட்டை வேண்டும். சில கார்டுகளுடன் இரண்டு பட்டைகளும் வரும், சிலவற்றுடன் வராது. ‘லோ புரொபைல் பிராக்கெட் இருக்கிறதா’ என்று கேட்டு, பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள்.

கார்டின் விலையைவிட அதில் உள்ள சிப் முக்கியம். ரெனிசாஸ் 720201, வயா விஎல்805 ஆகிய இரண்டும் நான்கு போர்ட் கார்டுகளில் பரவலாகக் காணப்படுபவை, ஏஎஸ்மீடியா 1042 இரண்டு போர்ட் கார்டுகளில் வரும். விஎல்805 தான் 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4இல் யூஎஸ்பி வேலையைப் பார்த்த சிப். எந்தச் சிப் என்று பெட்டியின் மேலும் எழுதாமல், கார்டிலும் தெரியாமல் அழித்திருந்தால் அதை வாங்காதீர்கள். டிரைவர் தேடும்போது அந்தப் பெயர்தான் கைகொடுக்கும். நான்கு போர்ட் இருந்தாலும் நான்கும் ஒரே எக்ஸ்1 பாதையைத்தான் பகிர்ந்துகொள்கின்றன என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம்

இந்த வேலையில் அதிகம் பேர் தவறு செய்யும் இடம் இதுதான், நானும் செய்திருக்கிறேன். யூஎஸ்பி 3.0 போர்ட் ஒவ்வொன்றும் 5 வோல்ட்டில் 900 மில்லியாம்பியர் வரை, அதாவது 4.5 வாட் தர வேண்டும். நான்கு போர்ட்களுக்கு 18 வாட் ஆகிறது. எக்ஸ்1 ஸ்லாட் சாதாரணமாகத் தருவதோ 10 வாட். மேலும் அந்த ஸ்லாட்டில் 12 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் வருமே தவிர 5 வோல்ட் வராது. ஆகவேதான் பல கார்டுகளின் பின்மூலையில் நான்கு முனை மோலெக்ஸ் சாக்கெட்டோ, சாட்டா பவர் சாக்கெட்டோ இருக்கும். அதில் எஸ்எம்பிஎஸ், அதாவது கணினியின் பவர் சப்ளை பெட்டியிலிருந்து வரும் வயரைச் செருக வேண்டும்.

முதல் முறை நான் பொருத்தியபோது, ‘ஸ்லாட்டிலிருந்தே கரன்ட் வருமே’ என்று அந்தச் சாக்கெட்டைச் சும்மா விட்டுவிட்டேன். பென் டிரைவ் ஒழுங்காக வேலை செய்தது. ஹார்ட் டிஸ்கைச் செருகியதும் விளக்கு எரிந்தது, உள்ளே தகடு சுழலத் தொடங்கும் மெல்லிய ஓசை கேட்டது, பிறகு ‘டிக்’ என்று ஒரு சத்தத்துடன் நின்றுபோய் மறுபடியும் சுழலத் தொடங்கியது. டிஸ்க் போய்விட்டது என்றே நினைத்தேன். மோலெக்ஸ் வயரைச் செருகிய பின் அந்தச் சத்தம் வரவே இல்லை. உங்கள் கார்டில் பவர் சாக்கெட் இருந்தால் அது அலங்காரத்துக்கு அல்ல.

எஸ்எம்பிஎஸ்ஸில் மோலெக்ஸ் முனை காலியாக இருந்தால் நேராகச் செருகிவிடலாம். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. முனையின் இரண்டு மூலைகள் சரிவாக வெட்டப்பட்டிருப்பதால் தலைகீழாகப் போகாது, போகவில்லை என்றால் அழுத்தாமல் திருப்பிப் பாருங்கள். கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஒரே கட்டியாக வார்க்கப்பட்ட மோலெக்ஸ்–சாட்டா மாற்றுவயர்களைத் தவிருங்கள். அவற்றுள் வயர்கள் நெருங்கி ஷார்ட் ஆகித் தீப்பிடித்த நிகழ்வுகள் உண்டு. வயர் ஒவ்வொன்றும் தனித்தனி முள்ளில் நுழைவது கண்ணுக்குத் தெரியும் வகையே பாதுகாப்பானது.

பொருத்துதல்

கணினியை அணைத்து, பவர் கேபிளைப் பிடுங்கி, ஆன் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸில் எஞ்சியிருக்கும் மின்னூட்டம் தீர்ந்துவிடும். பக்கத் தகட்டைக் கழற்றிய பின், கார்டைக் கவரிலிருந்து எடுக்கும் முன், பெயின்ட் இல்லாத ஓர் இரும்புப் பகுதியைக் கையால் தொட்டுக்கொள்ளுங்கள். பல ஆண்டுகள் திறக்காத பெட்டி என்றால் தூசு படிந்திருக்கும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டி எடுக்கலாம். வாயால் ஊத வேண்டாம், எச்சில் தெறிக்கும்.

ஸ்லாட்டுக்கு நேரே பின்பக்கத்தில் உள்ள தகட்டுப் பட்டையைக் கழற்ற வேண்டும். மலிவான கேபினெட்களில் இது திருகால் மாட்டப்படாமல், பெட்டியோடு ஒட்டிய தகடாகவே இருக்கும். முன்னும் பின்னும் நாலைந்து முறை அசைத்தால் ஒடிந்து வரும். ஒடிந்த விளிம்பு பிளேடு போல இருக்கும் என்பதால் குறடால் பிடித்து அசையுங்கள்.

கார்டின் பொன்னிறப் பற்களை ஸ்லாட்டின் மேல் நேராக வைத்து, இரண்டு ஓரங்களிலும் சமமாக அழுத்துங்கள். முழுமையாக உட்கார்ந்தால் பொன்னிறம் கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாது. ஒரு பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நின்றால், பெரும்பாலும் பட்டையின் கீழ்நுனி மதர்போர்டுக்கும் பெட்டிக்கும் இடையில் உள்ள இடுக்கில் இறங்காமல் தட்டிக்கொண்டிருக்கும். அந்த நுனியை மட்டும் லேசாக உட்பக்கம் வளைத்துவிட்டு மீண்டும் செருகுங்கள். பிறகு பட்டையின் திருகைப் போடுங்கள். இந்தத் திருகைத் தவிர்க்கக் கூடாது. யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் கார்டு இழுபடுகிறது, திருகு இல்லையென்றால் சில வாரங்களிலேயே அது ஸ்லாட்டில் தளர்ந்துவிடும்.

கணினியை ஆன் செய்ததும் திரையில் ஒன்றும் வராமல் பீப் ஒலி கேட்டால் பதற வேண்டாம். கார்டைச் செருகும்போது பட்ட அசைவில் பழைய ராம் தளர்ந்திருக்கும். பவரைத் துண்டித்துவிட்டு ராமைக் கழற்றி, அதன் பற்களைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, தூளை ஊதாமல் தட்டிவிட்டு மறுபடி மாட்டுங்கள். எந்த சர்வீஸ் கடையிலும் முதலில் செய்வது இதுதான்.

டிரைவர்

விண்டோஸ் 8 முதல் யூஎஸ்பி 3.0க்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருப்பதால், விண்டோஸ் 10இல் கார்டு தானாகவே வேலை செய்யத் தொடங்கும். விண்டோஸ் 7இல் அப்படி இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்துடன் அது நிற்கும். கார்டுடன் வரும் சிறிய சிடியை நம்பாமல், சிப்பின் பெயரைக் கொண்டு டிரைவரைத் தேடி எடுங்கள். லினக்ஸில் இதற்கான ஆதரவு 2009இல் வந்த 2.6.31 கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. எந்த இயங்குதளத்துக்கும் முன்னதாக அது அங்கு வந்ததால், உபுண்டு போடுபவர்களுக்கு இந்தப் பகுதியில் செய்ய ஒன்றுமில்லை.

ஒரு வரம்பையும் அறிந்துகொள்ளுங்கள். பழைய பயாஸ்களுக்கு, அதாவது கணினியை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன் ஓடும் நிரல்களுக்கு, பொதுவாக இந்தக் கார்டைத் தெரியாது. அதனால் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவையும் கீபோர்டையும் பழைய 2.0 போர்ட்களிலேயே செருக வேண்டும். கார்டில் கீபோர்டை மாட்டிவிட்டு, ‘டெலிட் அழுத்தியும் பயாஸுக்குள் போகவில்லையே’ என்று தவிப்பவர்கள் உண்டு.

அளந்து பாருங்கள்

கார்டு பொருத்துவதற்கு முன்பே ஓர் அளவை எடுத்து வைத்திருந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும். 5 ஜிபி அளவில் ஒரே ஒரு வீடியோ கோப்பைத் தேர்ந்து, கணினியிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு நகலெடுத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திரையில் முதல் சில நொடிகள் காட்டும் பெரிய எண்ணை நம்பாதீர்கள், அது ராமில் சேர்ந்துகொண்டிருக்கும் வேகம். டிஸ்கைப் பாதுகாப்பாக வெளியேற்றலாம் என்ற செய்தி வரும்வரை ஆகும் நேரமே உண்மையான கணக்கு. என் கணினியில் இந்த 5 ஜிபி முன்பு இரண்டரை நிமிடம் எடுத்தது, கார்டு வந்தபின் 50 நொடிக்குள் முடிந்தது. ஆயிரக்கணக்கான சின்னப் புகைப்படங்களைக் கொண்டு அளந்தால் இத்தகைய வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடுவதிலேயே நேரம் போய்விடும். அவற்றை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்புவது மேல். சாதாரணப் பென் டிரைவை வைத்தும் கார்டை எடைபோட வேண்டாம். நீல நாக்கு இருந்தாலும் எழுதும் வேகம் 20 மெகாபைட்டைத் தாண்டாத பென் டிரைவ்கள் சந்தையில் நிறைய உள்ளன.

எல்லாம் சரியாக இருந்தும் வேகம் 35இலேயே நின்றால் கேபிளைப் பாருங்கள். போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்கில் இருக்கும் சாக்கெட் இரண்டு அறைகள் சேர்ந்தது போல அகலமாக இருக்கும். அதன் பெரிய அறையில் பழைய மைக்ரோ யூஎஸ்பி மொபைல் சார்ஜர் வயர் கச்சிதமாக நுழையும், டிஸ்க்கும் வேலை செய்யும். ஆனால் அந்த வயரில் நான்கு கம்பிகளே உண்டு, 3.0 ஓட ஒன்பது கம்பிகள் வேண்டும். வீட்டில் யாரோ அசல் கேபிளைத் தொலைத்துவிட்டுச் சார்ஜர் வயரை மாட்டிவைத்திருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலை முழுதும் ஆயிற்று. அதுபோலவே, கேபிளைப் போர்ட்டில் மிக மெதுவாகச் செருகினால், முன்வரிசையில் உள்ள பழைய நான்கு முனைகள் முதலில் தொட்டு, டிஸ்க் 2.0ஆகவே பதிவாகிவிடுவதுண்டு. கழற்றி ஒரே மூச்சில் செருகினால் சரியாகிவிடும்.

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து, யூஎஸ்பி பட்டியலை மரவடிவில் காட்டும் lsusb -t என்ற கட்டளையை இட்டால், டிஸ்குக்கு நேரே 5000எம் என்றோ 480எம் என்றோ தெரியும். 480 என்று இருந்தால் இன்னும் பழைய வேகத்தில்தான் ஓடுகிறது என்று பொருள்.

வயர்லெஸ் மவுஸ் வைத்திருப்பவர்கள் அதன் ரிசீவரைக் கார்டுக்கு அடுத்து வைக்காதீர்கள். யூஎஸ்பி 3.0 கேபிளிலிருந்து கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறுக்கிடுவதை இன்டெல் 2012இலேயே ஓர் அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. டிஸ்கில் நகல் ஓடும்போது மட்டும் மவுஸ் திக்கித் திக்கி நகர்ந்தால் காரணம் இதுதான். ரிசீவரைப் பெட்டியின் முன்பக்க 2.0 போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

முன்பக்கத்திலும் 3.0 வேண்டும் என்றால், உள்ளே 19 முள் இணைப்பு கொண்ட கார்டு ஒன்றை வாங்கி, பிளாப்பி டிரைவ் இருந்த இடத்தில் ஒரு முன்பலகையைப் பொருத்தலாம். அந்த முட்கள் எளிதில் வளைந்துவிடும் என்பதால் கேபிளைச் சாய்த்துப் பிடுங்கக் கூடாது. எனக்கு இது தேவையற்ற அலைச்சலாகவே படுகிறது. ஒரு மீட்டருக்குள் அடங்கும் நல்ல 3.0 எக்ஸ்டென்ஷன் கேபிளைப் பின்னாலிருந்து மேசைமேல் கொண்டுவந்துவிட்டால் போதும்.

ஒரே ஒரு முறை மட்டும் பெரிய அளவில் தரவை மாற்றினால் போதும் என்பவர்கள் கார்டே வாங்க வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்கை அதன் உறையிலிருந்து எடுத்து மதர்போர்டின் சாட்டா போர்ட்டில் நேராக மாட்டினாலே முழு வேகம் கிடைக்கும். ஆனால் சில போர்ட்டபிள் டிஸ்க்குகளில் யூஎஸ்பி சாக்கெட் டிஸ்கின் சர்க்யூட்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், சாட்டா முனையே இருக்காது. அதைப் பிரித்த பிறகு அறிந்துகொள்வதில் லாபமில்லை என்பதால், உங்கள் மாடலைப் பற்றி முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பக்கத் தகட்டை மூடும் முன், மோலெக்ஸ் வயர் எந்த பேன் இறக்கையிலும் படாதபடி ஒரு டேக்கால் கட்டிவிடுங்கள். மூடிய பின் பின்பக்கத்தில் புதிய போர்ட்களுக்கு மேல் ‘ஹார்ட் டிஸ்க் இங்கே’ என்று ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படி ஒட்டாமல் விட்டபோது, ஒரு வாரத்துக்குள் நான்கு நீலப் போர்ட்களிலும் கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், மொபைல் சார்ஜர் ஆகியவை குடியேறிவிட்டன, ஹார்ட் டிஸ்க் பழைய 2.0 போர்ட்டிலேயே கிடந்தது.